காருகுறிச்சியாரின் கார்வை

நாதஸ்வரத்தைச் சபாவில் குளிரூட்டிக்குக் கீழே உட்கார்ந்து கேட்பதில் எனக்கு ஒட்டுதல் வந்ததே இல்லை. அது தெருவுக்குப் பிறந்த வாத்தியம். சப்பரத்துக்கு முன்னால் மேளம் நகரும். கேட்கிறவனும் கூடவே நகர வேண்டும், அல்லது ஒரு திருப்பத்தில் போய்க் காத்து நிற்க வேண்டும். தூத்துக்குடிக்கு எந்த வேலையாகப் போனாலும் திருச்செந்தூரிலோ, கரிசல் பக்கம் ஏதாவது ஒரு கோயில் கொடையிலோ நாயனம் உண்டா என்று விசாரித்துக்கொண்டுதான் ரயிலுக்குச் சீட்டு எடுப்பேன்.

இந்தக் கிறுக்கை ஏற்றிவிட்டவரை நான் நேரில் கேட்டதில்லை. காருகுறிச்சி அருணாசலம் 1921இல் சேரன்மகாதேவிப் பக்கத்துக் காருகுறிச்சியில் பிறந்தவர், குடியிருந்தது கோவில்பட்டியில். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் சிஷ்யராகச் சேர்ந்து, அவருக்கு இரண்டாம் நாயனமாக வாசித்து, பிறகு தனி மேளம் கட்டினார். 1956இல் குரு மறைந்தார். 1964இல் சிஷ்யரும் போய்விட்டார். வயது நாற்பத்து மூன்றுதான்.

பலருக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ வழியாக. எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையில் எஸ்.ஜானகியின் குரலும் காருகுறிச்சியாரின் நாயனமும் ஆபேரியில் மாறி மாறி வரும் அந்தப் பாட்டு, இன்றைக்கும் கல்யாண வீடுகளில் வாசிக்கச் சொல்லிக் கேட்கப்படுகிறது. கேட்கிறவர்கள் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். ஜானகியின் ஸ்வரத்துக்கு ஈடு கொடுத்துச் சீறும் இடம் வந்ததும் கைதட்டல் எழும். எனக்கென்னவோ அந்தப் பாட்டில் பிரமிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. மெல்லிய ஒரு பெண் குரலும் ஊரையே எழுப்பக்கூடிய ஒரு வாத்தியமும் ஒரே கனத்தில் நிற்கின்றன. குரலை நாயனம் ஓர் இடத்திலும் மூடவில்லை.

இது எவ்வளவு கஷ்டம் என்பது வாத்தியத்தின் அமைப்பைப் பார்த்தால் புரியும். ஆச்சா மரத்தில் கடைந்த உலவு, கீழே அணசு, மேலே சீவாளி. விரலுக்கு ஏழு துளைகள். அடியில் இருக்கும் ஐந்தை மெழுகு வைத்துச் சுருதிக்குத் தகுந்தபடி அடைத்துக்கொள்வார்கள். கமகம் முழுவதும் விரலைப் பாதி மூடிப் பாதி திறப்பதிலும், உதட்டின் பிடியிலும், மூச்சின் அழுத்தத்திலும் பிறக்க வேண்டும். மூச்சைக் குறைத்தால் சத்தம் குறையும். கூடவே சுருதியும் இறங்கப் பார்க்கும். அதை உதட்டாலேயே தாங்கிப் பிடிக்க வேண்டும். உரக்க வாசிக்கப் பலரால் முடியும். தணித்து வாசித்துச் சுருதி குலையாமல் நிற்பது சிலருக்கே வாய்க்கும். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி செய்த பாரி நாயனத்தை ராஜரத்தினம் பிள்ளை எடுத்துக்கொண்ட பிறகு, பழைய திமிரியின் கீச்சுக் குரல் போய் வாத்தியத்துக்கு ஆழம் வந்தது. அந்த ஆழத்தைக் கொண்டு குரு கம்பீரம் காட்டினார். சிஷ்யர் அதிலேயே குழைவைக் கண்டார்.

அவருடைய பிர்காக்களை ‘முத்து முத்தாக’ என்று சொல்லாத ரசிகர் இல்லை. முத்துக்குளித்துறையில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல எனக்குக் கூச்சம். இங்கே சிப்பியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உருண்டு திரண்ட முத்து எப்போதோ ஒன்று; மற்றதெல்லாம் கோணலும் பொடியும்தான். 1961க்குப் பிறகு அந்தக் குளிப்பும் நின்றுபோயிற்று. முத்தென்று எதையாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் அவருடைய கார்வையைச் சொல்வேன். ஒரு ஸ்வரத்தில் போய் நின்று, ஊதி வீங்கவிடாமல், நடுங்கவிடாமல், மெல்ல மெல்லத் தேய்த்துக் கரைப்பாரே, அது.

அந்தக் கார்வைக்குக் காது கொடுக்க இந்தச் சீமையில் ஆள் இருந்தது. தூத்துக்குடியிலிருந்து மதுரைச் சாலையில் போனால் வருகிற எட்டயபுரத்தில்தான் 1835இல் முத்துசுவாமி தீட்சிதர் சமாதியானார். சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904இல் அச்சேறியதும் அங்கேதான். பக்கத்திலேயே விளாத்திகுளம். ராக ஆலாபனைக்கென்றே பேர் பெற்ற விளாத்திகுளம் சுவாமிகளின் ஊர். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் கதை எழுதியதோடு நிற்காமல் சங்கீதப் பித்தும் பிடித்து அலைந்தார்கள். மழை பொய்க்கிற மண்ணில் இத்தனை ராகம் எப்படி விளைந்தது என்று காவிரிக்காரர்கள் ஆச்சரியப்படுவது உண்டு. ஜமீன்களின் ஆதரவு ஒரு காரணம். இன்னொன்று, இங்கே சம்சாரிகள் விடிய விடிய நின்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குப் போனேன். எட்டாம் திருநாள், சண்முகர் பச்சை சாத்தி. உச்சி வெயில். டீக்கடை அண்ணாச்சி, “முன்னால போவாதீங்க சார், இந்த முக்குல நில்லுங்க. பெரியவரு இங்கனதான் ராகம் எடுப்பாரு” என்றார். ஒலிபெருக்கியில் ஒரு சினிமாக் குரல் பக்தி பொழிந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். நாயனத்தில் கட்டித் தொங்கும் சீவாளிகளில் ஒன்றைக் கழற்றி, இன்னொன்றை வாயில் வைத்து ஊறவைத்து மாட்டினார். கடல் காற்றில் சீவாளி சீக்கிரம் தளர்ந்துவிடும்போல. மல்லாரி எப்போதோ முடிந்திருந்தது. கரகரப்ரியாவை எடுத்தார். மத்திம ஸ்தாயியில் காந்தாரத்தை ஒரு அசைப்பு, அவ்வளவுதான். ராகம் வந்து நின்றுவிட்டது. தவில்காரப் பையன் புத்திசாலி. கையை அடக்கிக்கொண்டு ஓரத்தில் மட்டும் தட்டினான். மேல் ஷட்ஜத்துக்குப் போனபோது பெரியவருக்கு மூச்சு போதவில்லை. பிடியைப் பாதியில் விட்டுவிட்டுக் கீழே இறங்கினார். இளம் வித்வான் என்றால் அங்கே ஒரு பிர்காவை அள்ளிப் போட்டு மறைத்திருப்பார். இவர் மறைக்கவில்லை. பஞ்சமத்தில் வந்து நின்றார். ஒத்தும் நாயனமும் ஒன்றாகிற அளவுக்குத் தணித்தார். ஒலிபெருக்கியையும் மீறி அந்தப் பஞ்சமம் எங்களுக்குக் கேட்டது. பக்கத்தில் தலையில் கூடையோடு போன ஒரு அம்மா நின்றுவிட்டுப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிய இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள். சப்பரம் வந்ததும் கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போயிற்று.

காருகுறிச்சியாரின் ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன, அவசியம் கேளுங்கள். ஆனால் பதிவில் ஒலி எப்போதும் காதுக்கு ஒரே தூரத்தில்தான் இருக்கிறது. தெருவில் அது வருகிறது, நிற்கிறது, போகிறது. நாயனத்தின் தணிவு அந்தத் தூரத்தில்தான் புலப்படும். அணசுக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோய் நட்டு வைக்கிறவர்கள் முதலில் கொல்வது அதைத்தான்.

திருச்செந்தூரில் மாசியிலும் ஆவணியிலும் திருவிழா உண்டு. போனால் மேளத்திலிருந்து முப்பது அடி தள்ளி நில்லுங்கள். வித்வானிடம் சினிமாப் பாட்டு கேட்காதீர்கள், ஒரு ராகம் கேளுங்கள். முடிந்ததும் கொடுப்பதை அவர் கையிலேயே கொடுங்கள்.