செக்கும் மில் வாசலும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த ஒரு காலையில்தான் ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தை முழுசாகப் பார்த்தேன். 1961இல் பி.ஆர்.பந்துலு எடுத்தது, ம.பொ.சி. எழுதிய வ.உ.சி. வரலாற்றை வைத்து. சிவாஜி செக்கிழுக்கும் இடத்தில் அழுதுவிட்டேன். பொய்யில்லை, தூங்கிக்கொண்டிருந்த ரூம்மேட் எழுந்து “என்னடா ஆச்சு?” என்று கேட்கிற அளவுக்கு.

ஒரு வாரம் கழித்து யோசித்தால் மனசில் மிச்சமிருந்தது அந்தச் செக்கும், ஜெமினியும் சாவித்திரியும் வரும் ஒரு பாரதி பாட்டும்தான். (விடுதலைப் போராட்டப் படத்திலும் நமக்கு ஒரு டூயட் வேண்டியிருக்கிறது.) கோரல் மில் ஆட்கள் மனசில் தங்கவே இல்லை. குறை என்னுடையதா, படத்தினுடையதா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. ஆ.இரா.வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ படித்தபிறகு, படத்தினுடையதுதான் என்று துணிந்து சொல்வேன்.

1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை வெள்ளைக்காரன் முதலில் கட்டணத்தைக் குறைத்துத்தான் அடித்தான். அது வியாபாரச் சண்டை. 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கேட்டது கூலி உயர்வு, வார விடுமுறை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். ஒன்பதே நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 12இல் இருவரும் கைது. மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன, போலீஸ் ஸ்டேஷனும் நகராட்சி அலுவலகமும் எரிந்தன, துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். வழக்கு என்னவோ மேடைப்பேச்சுக்காகத்தான் போட்டார்கள். ஆனால் மில் கூலியும் வக்கீலும் ஒரே கூட்டத்தில் நின்றதுதான் கலெக்டர் ஆபீஸைப் பயமுறுத்தியது என்று எனக்குப் படுகிறது. கப்பலைத் தலைப்பில் வைத்த படம் அந்தப் பயத்தைத் தவறவிட்டுவிட்டது.

ம.பொ.சி.க்கு அன்று ஒரு தமிழ் வீரன் தேவைப்பட்டான். எங்கள் மாவட்டத்துத் திருத்தணி 1960 ஏப்ரலில் தமிழ்நாட்டோடு சேர்ந்ததற்குப் பின்னால் அவருடைய வடக்கெல்லைப் போராட்டம் இருக்கிறது. அந்த அவசரம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் வீரன் பெரிதாகப் பெரிதாக அவனைச் சுற்றி நின்றவர்கள் கூட்டமாகிவிடுகிறார்கள், கோஷம் போட மட்டும் வருகிறார்கள். சலபதி அந்தக் கூட்டத்துக்குள் போய் யார் யார் என்று பார்க்கிறார். 2024இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்தப் புத்தகம் அழவைக்காது. சில பக்கங்களில் ஆவணக் கனம் அதிகம், நைட் ஷிஃப்டுக்குப் பிறகு படித்தால் தூக்கம் வரும். ஆனால் எழுச்சிக்குத் தண்டனையாக ஊர்மேல் வரி போட்ட இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எங்கள் லைனில் ஒடிசாப் பையன் ஒருவன், கான்ட்ராக்ட். போனில் செக்குக் காட்சியைக் காட்டினேன். “கப்பல் விட்டதுக்கா ஜெயில், அண்ணா?” என்றான். மில் கதையை எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னேன். செக்கைப் பற்றி அவன் ஒன்றுமே கேட்கவில்லை.

“அவங்களுக்கு லீவு கிடைச்சுதா?”

கிடைத்தது என்றேன். எத்தனை நாளில் என்று கேட்டான்.