மதியத்துக்குள் உறையும் தயிர் சாதம்

அலுவலகத்துக்குக் கட்டும் தயிர் சாதத்தில் காலையில் தயிர் பெயருக்குத்தான் இருக்கும். கைப்பக்குவம் உள்ளவர்கள் அரிசியைக் கூடுதல் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, சூட்டோடு கரண்டியின் பின்புறத்தால் மசித்துவிடுவார்கள். ஆறவிட்டால் பருக்கைகள் விறைத்துக்கொள்ளும். பிறகு காய்ச்சி ஆறிய பால் தாராளமாக, தயிர் ஒரே ஒரு கரண்டி, அளவாய் உப்பு. டப்பாவை மூடும்போது கஞ்சியாகத்தான் தெரியும். பேருந்திலும் மேசையடியிலும் கழியும் நான்கைந்து மணி நேரத்தில் பால் மெல்ல உறைகிறது, சோறு ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. திறந்தால் வெண்ணெய்ப் பதம். நாக்கின் ஓரத்தை மட்டும் தொடும் புளிப்பு.

அந்த மென்மைக்குள் தாளிப்பு ஒளிந்திருக்கிறது. படபடவென்று வெடித்த கடுகு, சிவந்த உளுத்தம்பருப்பு, பொடியாக நறுக்கிய இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, துளி பெருங்காயம். சூடாக்க வேண்டியதில்லை, ஸ்பூனே போதும், விசைப்பலகையில் குழம்பு சிந்தும் கவலையும் இல்லை. மோர் மிளகாயை மட்டும் தனிச் சிமிழில் கொண்டுவருவது விவரமானவர்களின் வழக்கம். சோற்றோடு வைத்தால் நமுத்துவிடும். தனியே வந்தால் அதன் மொறுமொறுப்பு பக்கத்து இருக்கை வரை கேட்கும், அங்கிருந்து ஒரு கையும் நீளும்.