கொடியிலிருந்து கண்ணை எடுங்கள்

தொலைக்காட்சியில் கோல்ஃப் ஓடினால் பலரும் சேனலை மாற்றிவிடுகிறார்கள். யாரோ நடக்கிறார், நிற்கிறார், அடிக்கிறார். பந்து தூரத்தில் எங்கோ புல்லில் விழுகிறது. இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றுவது இயல்புதான். அடுத்த முறை அடியை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய அரை நிமிடத்தைக் கவனியுங்கள். ஆட்டக்காரரும் அவர் பையைச் சுமக்கும் கேடியும் குறிப்பேட்டைப் பார்த்துக் கிசுகிசுக்கிறார்களே, ஆட்டத்தின் பாதி அங்கேதான் நடக்கிறது. பந்து எங்கே விழ வேண்டும் என்பதோடு, எங்கே விழவே கூடாது என்பதையும் அவர்கள் அப்போது முடிவு செய்கிறார்கள்.

இதைப் பார்த்துப் பழக அகஸ்டா நேஷனலின் 12ஆம் குழியைவிட நல்ல இடம் கிடையாது. தூரம் 155 கஜம்தான், பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி. முன்னால் ரேஸ் ஓடை, ஓடைக்கும், குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனுக்கும் நடுவே ஒரு மணல் பங்கர், பின்னால் இரண்டு. கிரீன் அகலமானது, ஆனால் முன்பின் ஆழம் மிகக் குறைவு. அதுவும் குறுக்குச்சாய்வாகக் கிடக்கிறது. வலப்பக்கம் போகப் போகத் தூரம் கூடும். வலக்கைக்காரர் அடி சற்றுப் பிசகி வலப்பக்கம் போனால், அந்தப் பந்து வழக்கமாகத் தூரத்திலும் குறையும். அதாவது நேராக ஓடைக்குள். இங்கே நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளில் குழியைக் காட்டும் கொடியை அந்த வலது ஓரத்தில்தான் நடுவார்கள். அழைப்பும் அதுதான், பொறியும் அதுதான்.

2019 ஏப்ரல் 14, மாஸ்டர்ஸ் கடைசி நாள். பிரான்செஸ்கோ மோலினாரி இரண்டு அடி முன்னிலையில் அந்தக் குழியின் டீயில், முதல் அடி அடிக்கும் இடத்தில், நின்றார். முந்தைய குழுவில் புரூக்ஸ் கோப்காவும் இயன் பூல்டரும் ஏற்கெனவே பந்தை ஓடையில் விட்டிருந்தார்கள். மோலினாரியின் பந்தும் ஓடையில் விழுந்தது. அவரோடு ஆடிய டோனி ஃபீனாவின் பந்தும் அப்படியே. அதே குழுவில் ஆடிய டைகர் உட்ஸ் மட்டும் கொடியைச் சீண்டவே இல்லை. பங்கருக்கு மேலாக, கிரீனின் இடப்பக்கத்தைப் பார்த்து அடித்தார். பந்து கொடிக்கு வெகுதூரத்தில் நின்றது. யாரும் துள்ளிக் குதிக்கும் அடி அல்ல அது. இரண்டு தட்டில் குழிக்குள் தள்ளிப் பார் எடுத்தார், மோலினாரிக்கு 5. முன்னிலை அங்கேயே கரைந்தது. டைகர் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் கோப்பையை வென்றார். அந்த அடியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். முதல் முறை சாதாரணமாகத் தெரியும். ஓடை எங்கே, கொடி எங்கே, பந்து போன கோடு எங்கே என்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் புல்லரிக்கும்.

இதற்குப் பின்னால் கணக்கும் இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, தொழில்முறை ஆட்டக்காரர்களின் ஒவ்வொரு அடியையும் அலசிப் பார்த்தவர். அவர் கணக்குப்படி, உலகின் தலைசிறந்தவர்களே எட்டு அடி தூரத்திலிருந்து இரண்டு முறை தட்டினால் ஒரு முறைதான் குழியில் போடுகிறார்கள். 33 அடி தூரத்திலிருந்து சராசரியாக இரண்டு தட்டு ஆகிறது. கொடியை ஒட்டி விழுந்தாலும் ஸ்கோரில் லாபம் அரை அடி, முக்கால் அடிதான். தண்ணீரில் விழுந்தால் நஷ்டம் அதைப்போலப் பல மடங்கு. கிரீனின் நடுவைப் பார்த்து அடிப்பதைக் கோழைத்தனம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்ததில்லை.

கணக்கை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1999 பிரிட்டிஷ் ஓப்பன் சாட்சி. கார்னூஸ்டியின் கடைசிக் குழியில் ழான் வான் டி வெல்டுக்கு மூன்று அடி முன்னிலை. 6 எடுத்தாலே வெற்றி. வெகுதூரம் அடிக்கும் டிரைவர் கிளப்பை எடுத்தார், பந்து வலப்பக்கம் விலகியும் தப்பித்தது. குட்டையாக ஒன்று தட்டியிருந்தால் போதும். அவர் 2 அயர்ன் கிளப்பால் கிரீனை நோக்கி அடித்தார். பந்து பார்வையாளர் மேடையில் மோதித் திரும்பி அடர்ந்த புல்லில் விழுந்தது. அடுத்த அடி ஓடையில். காலணியைக் கழற்றித் தண்ணீரில் இறங்கி நின்ற அந்த மனிதரைப் பார்த்து இன்றும் என் மனம் கனக்கிறது. 7 எடுத்தார், பிளே-ஆஃபில் பால் லாரியிடம் கோப்பையை இழந்தார்.

நீங்களே ஆடுகிறவர் என்றால், இப்படிப் பார்ப்பது உங்கள் ஸ்கோரையும் குறைக்கும். நம்மில் பெரும்பாலோர் வாழ்நாளில் சிறப்பாக அடித்த ஒரு அடியை நினைத்துக்கொண்டு கிளப்பை எடுக்கிறோம். பந்து பெரும்பாலும் குறைந்தே விழுகிறது. முன்னால் தண்ணீரோ பங்கரோ இருந்தால் ஒரு கிளப் கூடுதலாக, அதாவது இன்னும் சற்றுத் தூரம் அடிக்கும் கிளப்பை எடுங்கள். மரத்துக்குள் போன பந்தைக் கிளை இடுக்கு வழியே அனுப்பப் பார்க்காமல் பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தட்டிவிடுங்கள். உங்கள் ஹேண்டிகேப் 18 என்றால் ஒவ்வொரு குழிக்கும் ஒரு அடி உங்களுக்குச் சலுகை. பார் 72 மைதானத்தில் எல்லாக் குழியிலும் போகி, அதாவது பாரைவிட ஒரு அடி கூடுதலாக எடுத்தாலே 90 வந்துவிடும். அப்படியிருக்க, நீளமான பார் 4இல் இரண்டாவது அடியிலேயே கிரீனைத் தொட ஏன் துடிக்க வேண்டும்? அதைப் பார் 5 என்று எண்ணி மூன்று நிதானமான அடியில் போய்ச் சேருங்கள்.

பெரிய ஆட்டக்காரர்களும் இதைச் செய்ய வெட்கப்பட்டதில்லை. 2007 மாஸ்டர்ஸில் ஸாக் ஜான்சன் ஒரு பார் 5 குழியில்கூட இரண்டாவது அடியில் கிரீனுக்கு முயலவில்லை. அந்தக் குழிகளில் மட்டும் பாருக்கு 11 குறைவாக எடுத்துப் பட்டம் வென்றார். அவருக்கு முன்பே 1959இல், விங்டு ஃபுட் மைதானத்தில் நடந்த யு.எஸ். ஓப்பனில் பில்லி காஸ்பர் இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தார். மூன்றாம் குழி நீண்ட பார் 3. எல்லோரும் கிரீனுக்கு அடிக்க, அவர் நான்கு நாளும் வேண்டுமென்றே கிரீனுக்கு முன்னால் பந்தை நிறுத்தினார். அங்கிருந்து சிப் செய்து, ஒரு தட்டில் முடித்து, நான்கு நாளும் பார் எடுத்தார். போட்டியை வென்றது ஒரு அடி வித்தியாசத்தில்.