மாலை உடைக்குரிய கறுப்பு ஜோடு

காலையில் பட்டு வேஷ்டியுடன் மணையில் அமர்ந்த மாப்பிள்ளை, சாயங்கால வரவேற்பில் கறுப்புக் கோட்டணிந்து நிற்கும்போது, அவ்வுடையின் கம்பீரத்தைக் காப்பதும் கெடுப்பதும் பாதரட்சையே. ஒரே ஜோடு வாங்குவதானால், லேஸ் கோக்கும் இருபுறத் தோலும் முன்தோலுக்கடியில் மறைத்துத் தைக்கப்பட்டு, பூவேலையின்றி, விரற்பகுதியில் ஒற்றைத் தையல் மாத்திரம் ஓடுகிற ஆக்ஸ்ஃபோர்டு வகையையே சிபாரிசு செய்வேன். பளபளக்கும் பேட்டன்ட் தோல் இரவு விருந்துக்கு உகந்ததாயினும் பகலில் காரியாலயத்துக்கு ஒவ்வாது, கன்றுத்தோலோ பாலிஷ் ஏற்றினால் இரண்டுக்கும் இசையும். அடி ஒட்டப்படாமல், ஓரத் தோல்பட்டையோடு தைக்கப்பட்டிருப்பது விசேஷம்; தேய்ந்தபின் அடியை மாற்றி நெடுங்காலம் அணியலாம்.

இத்தகைய ஜோடுகளைத் தேசாந்தரங்களுக்கு அனுப்பும் ஆம்பூர், காஞ்சிபுரத்தை அடுத்தோடும் அதே பாலாற்றின் கரையிலிருக்கிறது. தோல் பதனிடும் கழிவால் அந்த ஆறு பட்ட துயரம் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கே விஷயமாயிற்று என்பதை வாங்குபவர் மறத்தலாகாது. அகிம்சையைக் கருதித் தோலையே விலக்க விரும்புவோர் இருப்பின், அதே வடிவில் செயற்கைத்தோல் ஜோடுகளும் கிடைக்கின்றன. அவற்றிலும் நான் முதலில் பார்ப்பது அந்த ஒற்றைத் தையலின் நேர்த்தியைத்தான்.