பானையும் சூரியனும்

பாராளுமன்றத் தேர்தல் முடிஞ்சதும் நம் பத்திரிகைகள் பெட்டியிலிருந்து எடுத்துத் தூசு தட்டுகிற சொல் ஒன்று உண்டு: 'தலித் வாக்கு வங்கி'. 1950களில் சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ் மைசூர் கிராமத்தைப் பற்றி எழுதும்போது இச்சொல்லைப் பயன்படுத்தினார். ஊர்ப்பெரியவரின் பேச்சுக்குக் கட்டுப்பட்டு விழும் ஓட்டுகளைத்தான் அவர் குறித்தார். அப்போது வங்கி பெரியவருடையது. இப்போது அந்தச் சொல் சேரியின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. வங்கின்னா போட்டவன் திருப்பி எடுக்கவும் முடியணுமில்ல?

சிதம்பரம் தனித்தொகுதியைப் பாருங்கள். பத்தாண்டுகள் தேர்தலைப் புறக்கணித்த விடுதலைச் சிறுத்தைகள் 1999இல் த.மா.கா. அணியில் முதன்முதலாகக் களமிறங்கினர். திருமாவளவன் சைக்கிள் சின்னத்தில் நின்றார். ஓட்டுப்போடக் கிளம்பிய சனங்களுக்குக் கிடைத்தது அடி. குடிசைகள் எரிந்தன, பலர் சாவடிக்கே போகமுடியவில்லை. அப்படியும் இரண்டேகால் லட்சம் ஓட்டு விழுந்தது. தோல்விதான். ஆனால் இந்த ஓட்டுகளை எந்த ஊர்ப்பெரியவர் வங்கியில் போட்டு வைத்திருந்தார்?

2019க்கு வருவோம். தமிழ்நாட்டின் 39 இடங்களில் 38ஐ தி.மு.க. கூட்டணி அள்ளியது. 'அலை' என்றார்கள். வி.சி.க.வுக்கு இரண்டு தனித்தொகுதிகள். விழுப்புரத்தில் ரவிக்குமார் உதயசூரியனில் நின்றார், வித்தியாசம் 1,28,068. சிதம்பரத்தில் திருமாவளவன் பானையில் நின்றார், வித்தியாசம் 3,219. ஒரே கட்சி, ஒரே கூட்டணி, ஒரே தேர்தல். அலை சிதம்பரத்துக்கு மட்டும் ஏன் கணுக்கால் அளவு? பத்திரிகைகள் இதை 'நூலிழை வெற்றி', 'விடிய விடிய திக் திக்' என்று கிரிக்கெட் மாதிரி எழுதித் தீர்த்துக்கொண்டன. எதிரில் நின்றது அங்கே மாம்பழம், இங்கே இரட்டை இலை என்பார்கள். சரி, அதையும் கழித்துக்கொள்வோம். ஒண்ணேகால் லட்சம் இடைவெளியை அது மட்டுமே விளக்கிவிடாது. நம்ம ஓட்டு சூரியனுக்குப் போகும்போது கை நடுங்கறதில்ல. ஊர்த்தெரு ஓட்டு பானைக்கு வரும்போதுதான் நடுங்குது.

2024இல் இரண்டு இடத்திலும் பானை. சிதம்பரத்தில் வித்தியாசம் 1,03,554 ஆனதும் 'மக்கள் மனம் மாறியது' என்றனர். மாறியதா? திருமாவளவன் 2019இல் வாங்கியது 5,00,229, 2024இல் 5,05,084. கூடியது ஐயாயிரம்கூட இல்லை. பா.ம.க. இந்த முறை அ.தி.மு.க.வை விட்டு பா.ஜ.க.வோடு போனதால் எதிரணி ஓட்டு இரண்டாக உடைந்தது, அவ்வளவுதான். விழுப்புரம் இதைவிடப் பச்சையாகப் பேசுகிறது. எதிரணி சேர்ந்து நின்றபோது சூரியனில் 1,28,068 என்றிருந்த வித்தியாசம், எதிரணி பிரிந்து நின்றபோது பானையில் 70,703ஆக இறங்கியது. அதே வேட்பாளர்தான், வாங்கிய ஓட்டு 5,59,585இலிருந்து 4,77,033. இந்த எண்பத்திரண்டாயிரம் குறைவுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் கட்சிகளின் ஏற்ற இறக்கத்தைப் பத்தி பத்தியாக அலசுகிறவர்கள், சின்னம் மாறியதை ஒரு வரியாவது எழுதியிருக்க வேண்டாமா?

இந்த இரண்டு வெற்றிகளால்தான் வி.சி.க. மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெற்றது, பானையும் சொந்தமானது. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தேர்தலுக்கு முன் நடந்த தொகுதிப் பேச்சில் கட்சி ஒரு பொதுத்தொகுதியும் கேட்டிருந்தது. கையெழுத்தானது பழைய இரண்டு தனித்தொகுதிகளுக்குத்தான்.