பெயர் பெற்ற நாய்: எடுத்தனூர் நடுகல் முதல் ‘பரியேறும் பெருமாள்’ வரை

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் இலக்கியத்தில் நாய் பெரும்பாலும் பொதுப்பெயராலேயே சுட்டப்படுகிறது. நன்றிக்கு எடுத்துக்காட்டாகவும் இழிவுக்கு உவமையாகவும் வரும் அந்த நாய், குறிப்பிட்ட ஒருவரோடு வாழ்ந்த குறிப்பிட்ட ஒரு நாயாக அரிதாகவே தோன்றுகிறது. பெயர் சூட்டப்பட்டு நினைவிற்குரியதாக்கப்பட்ட மூன்று நாய்களை இக்கட்டுரை ஆராய்கிறது. அவை எடுத்தனூர் நடுகல்லின் கோவிவன், ஆதகூர்க் கல்வெட்டின் காளி, ‘பரியேறும் பெருமாள்’ திரைப்படத்தின் கருப்பி. கருப்பியை முற்றிலும் குறியீடாகக் கொள்ளும் வாசிப்பு போதுமானதன்று என்பதும், மனிதரும் நாயும் கூடி வாழ்ந்த வாழ்வே அக்குறியீட்டிற்கு அடிப்படை என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நாய், நடுகல், பெயரிடல், வளர்ப்பு விலங்கு, குறியீடு, பரியேறும் பெருமாள்.

முன்னுரை

நாயைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. ஞமலி, ஞாளி முதலியன சங்க இலக்கியத்தில் பயில்கின்றன. தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைப் பெயராகக் குருளையையும் பெண்பாற்பெயராகப் பிணவையும் வகுத்துரைக்கிறது. இத்தகைய நுட்பமான சொல்வளம், நாயை அருகிருந்து பார்த்துப் பழகிய ஒரு சமூகத்தின் சான்று. எனினும் இவையனைத்தும் இனத்தையும் பருவத்தையும் பாலையும் குறிக்கும் பொதுச்சொற்கள். ஒரு வீட்டார் தம் நாயை எப்பெயரிட்டு அழைத்தனர் என்பதை இலக்கியம் பெரும்பாலும் பதிவு செய்யவில்லை. நாயோடு வாழ்ந்த வாழ்வு தமிழ்ப் பனுவல்களில் எவ்வாறு பதிவாகியுள்ளது என்னும் வினாவிற்கு, பெயர் என்னும் ஒரு கூற்றின் வழியே விடை காண இக்கட்டுரை முயல்கிறது.

பொதுப்பெயரின் இரு முகங்கள்

பரணர் பாடிய அகநானூற்றுப் பாடலொன்றில் (அகம். 122) இரவுக்குறிக்கு இடையூறாவன அடுக்கப்படுகின்றன. ஊர் உறங்கினால் தாய் உறங்காள்; தாய் உறங்கினால் காவலர் உறங்கார்; காவலர் உறங்கினால் நாய் குரைக்கும். அதன்பின் நிலவும் கூகையும் சேவலும் வரிசையாக வருகின்றன. நாயின் பல்லும் சுருண்ட வாலும் இங்கே கூர்மையாகக் காட்டப்படுகின்றன. ஆயினும் அது எவருடைய நாய் என்பது பாடலுக்குத் தேவைப்படவில்லை. காவலருக்கும் நிலவுக்கும் இடையே அது ஊரின் ஓர் உறுப்பாக நிற்கிறது.

அற இலக்கியத்தில் நாய் பண்பாக மாறுகிறது. யானையின் இயல்புடையோர் நட்பை நீக்கி நாயின் இயல்புடையோர் நட்பைக் கொள்ளுமாறு நாலடியார் (213) அறிவுறுத்துகிறது. யானை தன்னை நெடுங்காலம் அறிந்த பாகனையே கொல்லும். நாயோ எறிந்த வேல் தன் உடலில் தைத்திருக்கும் நிலையிலும் வாலைக் குழைக்கும் என்பது அதற்கு அப்பாடல் காட்டும் காரணம். நாயின் நன்றியைப் போற்றும் இடமாகவே இது பெரிதும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் வேலை எறிந்தவர் யார், எதற்காக எறிந்தார் என்னும் வினா அப்பாடலில் எழுவதில்லை. காயத்தைப் பொறுப்பதே நாயின் சிறப்பாகிறது. இப்புகழ்ச்சி நாயை நோக்கியதாகத் தோன்றினும், அதன் பயன் உடையவனையே சேர்கிறது.

பக்தி இலக்கியத்தில் இச்சொல் தற்சுட்டாகிறது. திருவாசகத்தில் மாணிக்கவாசகர் தம்மை ‘நாயேன்’, ‘நாயடியேன்’ என்று தாழ்த்திக்கொள்கிறார். கடைநிலையும் விடாத பற்றும் ஒருங்கே இச்சொல்லில் அடங்கியுள்ளன. பேச்சுவழக்கிலோ கடைநிலை மட்டும் எஞ்சி வசைச்சொல்லாக நிலைத்துவிட்டது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது தன் குணத்தை விடாது என்னும் பொருள்படும் பழமொழி, நாய்க்குரிய இடம் வாசலுக்கு வெளியே என்பதை முன்முடிவாகக் கொண்டே பேசுகிறது. பாரதியார் ‘பாப்பா பாட்டில்’ நாயை மனிதரின் தோழன் என்று குழந்தைக்கு அறிமுகப்படுத்தும்போது இந்த வழக்கு மாறுகிறது. ஆயினும் அங்கும் சுட்டப்படுவது நாய் என்னும் இனமே.

புகழ்ச்சி, வசை, பணிவு ஆகிய மூன்றும் வேறுபட்டவையாயினும் அவற்றிடையே ஓர் ஒற்றுமை உண்டு. மூன்றிலும் நாய் மனிதரைப் பற்றிப் பேசுவதற்கான ஒரு கருவி. குறிப்பிட்ட நாய் ஒன்று இறந்தால் ஏற்படும் வெறுமைக்கு இம்மூன்றிலும் இடமில்லை.

கல்லில் நின்ற பெயர்: கோவிவன்

இலக்கியம் விட்ட இடத்தைக் கல்வெட்டு நிரப்புகிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியினது. எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர்நீத்த கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுக்கப்பட்ட கல் அது. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது.

இப்பதிவில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, பெயர். ‘கோவிவன்’ என்று படிக்கப்படும் அப்பெயர் ஆண்மக்கள் பெயர்போல ‘அன்’ ஈறு பெற்றுள்ளது. அதனை அடுத்தே ‘நாய்’ என்னும் அஃறிணைச் சொல் நிற்கிறது. இலக்கணம் வகுத்த திணைப் பிரிவை, நாளும் அழைத்துப் பழகிய ஒரு பெயர் சற்றே நெகிழ்த்துகிறது. இரண்டாவது, எண். கடிபட்ட கள்வர் இருவர் என்பதைக் கல் எண்ணிச் சொல்கிறது. நன்றி என்னும் பொதுப்பண்பு இங்குப் பேசப்படவில்லை; ஒரு நாளில் ஓரிடத்தில் நிகழ்ந்த செயல் பேசப்படுகிறது. மூன்றாவது, காத்து நின்றமை. நாய் இறந்ததா என்பதைக் கல் வெளிப்படையாகக் கூறவில்லை. விழுந்தவனை விட்டு அது அகலவில்லை என்ற அளவிலேயே கல்லின் கூற்று முடிகிறது. நினைவிற்குரியதாவதற்கு நாய் உயிர்துறந்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனை இங்கே இல்லை.

கோவிவன் நவீனப் பொருளில் ‘செல்லப்பிராணி’ அன்று. எருமை மேய்ப்பவனின் தொழிலில் அது பங்காளி. மேய்ச்சலும் காவலும் சேர்ந்த அன்றாடத்தில்தான் அப்பெயர் பயின்றிருக்க வேண்டும். கல் பொறித்தோருக்கு அப்பெயர் தெரிந்திருந்தது என்பதே, அந்த நாய் அதன் உடையவனைத் தாண்டி ஊராராலும் அறியப்பட்டிருந்தது என்பதற்குச் சான்று.

கேட்டுப் பெற்ற நாய்: காளி

தமிழகப் போரொன்றோடு தொடர்புடைய கன்னடக் கல்வெட்டு இந்த வாசிப்பை மேலும் கூர்மைப்படுத்துகிறது. 949இல் தக்கோலத்தில் நிகழ்ந்த போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படை சோழப்படையை வென்றது. முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் அப்போரில் இறந்தான். கங்கர் தலைவன் பூதுகனின் வீரனாகிய மணலேரன், தன் வீரத்திற்குப் பரிசாகக் காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் ஒரு காட்டுப்பன்றியோடு பொருதபோது நாயும் பன்றியும் ஒருங்கே மடிந்தன. இதனைக் கூறும் கல், இன்றைய கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்திலுள்ள ஆதகூரில் கோயில் முன் நிறுத்தப்பட்டது. அதன் வழிபாட்டிற்கு நிலமும் அளிக்கப்பட்டது.

வேண்டியதைக் கேட்கும் வாய்ப்புப் பெற்ற வீரன் ஒரு நாயைத் தேர்ந்தான் என்பது அவன் விருப்பத்தின் அளவைக் காட்டும். அந்த நாயைப் பன்றிக்கு எதிரே விட்டதும் வேட்டையே. விரும்பிக் கேட்டவனின் வேட்டை வாழ்வே அந்த நாயின் முடிவுக்கும் காரணமாகிறது. அன்பும் பயன்பாடும் இங்கே தனித்தனியாகப் பிரித்தெடுக்க இயலாதவை. நடுகற்களை விலங்குநேயத்தின் சான்றாக மட்டும் போற்றுவதும், நாயை உடைமையாகக் கருதிய சமூகத்தின் சான்றாக மட்டும் ஒதுக்குவதும் இந்த முரணைக் காணத் தவறுகின்றன. நாலடியார் எழுப்பாத வினா, காளியின் கல்லருகே தானாகவே எழுகிறது: இந்த உயிரை இடருக்கு உட்படுத்தியவர் யார்?

கருப்பி: குறியீடும் உயிரும்

மாரி செல்வராஜ் இயக்கி 2018இல் வெளிவந்த ‘பரியேறும் பெருமாள்’ திரைப்படம், திருநெல்வேலிப் பகுதியில் சட்டம் பயிலும் பரியன் என்னும் ஒடுக்கப்பட்ட சமூக இளைஞனின் கதை. அவனுடைய வேட்டை நாய் கருப்பி தண்டவாளத்தில் கட்டப்பட்டுத் தொடர்வண்டி மோதி இறக்கும் காட்சி படத்தின் தொடக்கத்திலேயே இடம்பெறுகிறது. ஊரார் கூடி அதற்கு மனிதருக்குரிய இறுதிச் சடங்குகளைச் செய்கின்றனர். பின்னர் பரியனே தண்டவாளத்தில் கிடத்தப்படும்போது கருப்பி அவன்முன் மீண்டும் தோன்றுகிறது.

கருப்பியை ஒடுக்கப்பட்ட மக்களின் குறியீடாகக் கொள்ளும் வாசிப்பு பரவலானது. அதற்குப் படத்திலேயே சான்றுகள் உள்ளன. ஒரே தண்டவாளம் நாய்க்கும் மனிதனுக்கும் கொலைக்களமாவதும், கருப்பி நீலநிறத்தில் தோன்றுவதும் அவ்வாசிப்பை வலுப்படுத்துகின்றன. நீலம் அம்பேத்கரிய அரசியலின் நிறம் என்பது வெளிப்படை. எனினும் இவ்வாசிப்பு முழுமையானதெனக் கொள்ளப்படின் இரண்டு இழப்புகள் நேர்கின்றன.

முதலாவது, கதையின் தர்க்கம் சார்ந்தது. கொலைகாரர்கள் கருப்பியைத் தேர்ந்தது அது ஒரு குறியீடு என்பதனால் அன்று. அது பரியனுடைய நாய் என்பதனால். வேட்டைக்குச் சென்ற இளைஞர்கள் தம் நாய்களோடு நீர்நிலையில் களித்திருக்கும் காட்சியோடு படம் தொடங்குவது இதற்காகவே. யாருடைய நாய் எது, எது எவர் குரலுக்குத் திரும்பும் என்பதைப் பார்வையாளர் முதலில் அறிந்துகொள்கின்றனர். தாக்க எண்ணியவர்கள் உடலைவிட உறவே எளிதில் காயப்படும் என்பதை அறிந்திருந்தனர். அவ்வுறவைக் கழித்துவிட்டால் அவர்கள் செய்த கொடுமையின் தன்மையே விளங்காது.

இரண்டாவது, அறம் சார்ந்தது. நாயைச் சொல்லி மனிதரை இழிவுபடுத்துவது சாதிய வசையின் வழக்கம். அந்த வசைக்கு மறுமொழியாகக் கருப்பியை மனிதரின் உருவகமாக மட்டும் வாசிக்கும்போது, நாய் என்பது தன்னளவில் துயரத்திற்குரியதன்று, மனிதரைக் குறித்தால் மட்டுமே துயரத்திற்குரியது என்னும் கருத்து மறைமுகமாக ஏற்கப்பட்டுவிடுகிறது. வசைச்சொல்லின் அடிப்படையும் அதுவே. படமோ அதனை ஏற்கவில்லை. ஊரார் பாடைக்குப் பின்னே அழுதுசெல்வது கருப்பி என்னும் நாய்க்காகவே. கருப்பியின் இறப்பு குறியீடாக வளர்வது அந்த அழுகைக்குப் பின்னர்தான். பார்வையாளர் முதலில் ஒரு நாயை இழக்கின்றனர். அந்த இழப்பின் வழியாகவே ஒரு சமூகத்தின் இழப்பை அறிகின்றனர்.

படத்தின் இறுதிச் சடங்குக் காட்சியை நடுகல் மரபோடு இணைத்துக் காண்பதற்கும் இங்கே இடமுண்டு. எடுத்தனூரில் நாய்க்கு நினைவு அமைந்தது வீரனின் கல்லிலேயே. கருப்பிக்கோ தனக்கென ஓர் இறுதி ஊர்வலம் அமைகிறது. முன்னதில் நாய் வீரனின் புகழுக்குத் துணை நின்றது. பின்னதில் ஒரு நாயின் பொருட்டு ஊர் ஒன்றுகூடுகிறது. காளியின் கல்லருகே எழுந்த வினாவும் இங்கே வேறு வடிவம் கொள்கிறது. காளி மடிந்தது வேட்டையில், கருப்பி மடிந்தது சாதிப்பகையில். ஆயினும் கருப்பி அப்பகைக்குள் இழுக்கப்பட்டதும் பரியனோடு வாழ்ந்த காரணத்தாலேயே. தன் அன்பே தன் நாய்க்கு இடராயிற்று என்னும் உணர்வு, பரியனின் துயரத்தைக் குற்றவுணர்வோடு பிணைக்கிறது. பொறுத்துக்கொள்வதை நாயின் சிறப்பாகக் கண்ட நாலடியாரின் நிலையிலிருந்து, எறிந்தவரைக் கேள்வி கேட்கும் நிலைக்கு இப்படம் நகர்ந்துள்ளது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. பொதுப்பெயரால் சுட்டப்படும் நாய், இலக்கியத்தில் ஊரின் உறுப்பாகவோ பண்பின் எடுத்துக்காட்டாகவோ தாழ்வின் உவமையாகவோ அமைகிறது. இயற்பெயர் பெறும்போது அது குறிப்பிட்ட ஒருவரின் அன்றாடத்தில் பங்குகொண்ட உயிராகவும், இழப்பிற்குரியதாகவும் ஆகிறது. கோவிவன், காளி, கருப்பி ஆகிய மூன்றும் மேய்ச்சலிலோ வேட்டையிலோ மனிதரோடு உழைத்த நாய்கள். ஆகவே தமிழ்ச் சூழலில் நாய்மீது கொண்ட அன்பை நகர்ப்புறச் செல்லப்பிராணி வளர்ப்பின் புதிய வரவாக மட்டும் கருதுதல் பொருந்தாது. அதேவேளை அந்த அன்பு பயன்பாட்டிலிருந்தும் அதிகாரத்திலிருந்தும் விலகி நின்றதும் இல்லை.

இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நாட்டு நாயினங்களைக் குறித்து இன்று மிகுதியாகப் பேசப்படுகிறது. இனத்தின் பெருமை பேசும் அவ்வுரையாடலும் பொதுப்பெயரின் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. மேய்ச்சல் குடியினரும் வேட்டையில் பழகிய முதியோரும் தம் நாய்களுக்கு இட்ட பெயர்கள், அவை இறந்தபோது செய்த சடங்குகள், புதைத்த இடங்கள் ஆகியவை வாய்மொழியாக இன்னும் எஞ்சியுள்ளன. அப்பெயர்களை நினைவில் வைத்திருப்போர் இருக்கும்போதே அவற்றைத் தொகுப்பது நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்முன் உள்ள பணியாகும். எருமைக்காரன் ஒருவனின் கல்லில் அவன் நாயின் பெயரையும் பொறிக்க வேண்டும் என்று கருதிய எடுத்தனூரார், அப்பணிக்கு முன்னோடிகள்.