நிற்கும் நாயகன்

ஜோசப் கேம்பல் 1949இல் எழுதிய 'ஆயிரம் முகங்கொண்ட நாயகன்' நூலை முழுக்கப் படித்தவர்கள் நம்மில் அதிகம் இருக்க முடியாது. படிக்க வேண்டிய தேவையும் போய்விட்டது. புறப்பாடு, சோதனை, திரும்புதல் என்று மூன்று சொற்களாகவும், கிறிஸ்டோபர் வோக்லர் 1980களில் ஹாலிவுட் ஸ்டூடியோ ஒன்றுக்காகச் சுருக்கிக் கொடுத்த பன்னிரண்டு படிகளாகவும் அது கதை விவாத அறைகளுக்கும் சிறுகதைப் பட்டறைகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நாயகனுக்கு அழைப்பு வருகிறது. தயங்குகிறான். வாசலைத் தாண்டுகிறான். அடிபடுகிறான். அமுதத்தோடு ஊர் திரும்புகிறான். உலகத்துக் கதைகள் எல்லாம் இதுதான் என்கிறார்கள். எல்லாக் கதையையும் கொள்கிற ஒரு பெட்டி, உள்ளே இருக்கும் கதையைப் பற்றி என்னதான் சொல்கிறது என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

பெட்டிக்கு மிகவும் சாதகமான உதாரணம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா'. (இன்று பம்மல் சம்பந்தம் என்றால் 2002இல் வந்த கமல்ஹாசன் படம் ஞாபகத்துக்கு வருகிறது. பரவாயில்லை, ஒரு தலைப்பிலாவது பெயர் மிஞ்சியிருக்கிறது.) 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர், ஹாம்லெட்டை அமலாதித்யனாகவும் மாக்பெத்தை மகபதியாகவும் மேடையேற்றிய வக்கீல். அவருடைய நாடகங்களில் சபாக்களும் தொழில்முறைக் கம்பெனிகளும் விடாமல் போட்டது மனோகராதான். 1954இல் எல்.வி. பிரசாத் இயக்கி, மு. கருணாநிதி வசனம் எழுதி, சிவாஜி கணேசன் நடித்த படமாக அது இன்னும் பெரிய கூட்டத்தை எட்டியது.

படத்தில் கேம்பல் கேட்பதெல்லாம் இருக்கிறது. இளவரசன் எதிரி நாட்டுக்குப் போகிறான், வெல்கிறான், சிம்மாசனத்தோடும் மனைவியோடும் திரும்புகிறான். ஆனால் இவ்வளவும் முற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. கதை தொடங்குவதே அவன் திரும்பி வந்த பிறகுதான். கொண்டுவந்த சிம்மாசனத்தில் வசந்தசேனை உட்காருகிறாள். அரசன் புருஷோத்தமன் அவள் பிடியில். தாய் பத்மாவதி ஒதுக்கி வைக்கப்பட்டவள். எதிரி இப்போது வீட்டுக்குள் இருக்கிறான், அதுவும் தகப்பன் உருவில். எதிர்க்கவொட்டாமல் தாய்க்குக் கொடுத்த வாக்கு கையைக் கட்டுகிறது. மேலே சங்கிலி வேறு.

அந்தச் சங்கிலிக் காட்சிக்காகத்தான் ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். அதில் நாயகன் ஓர் அடிகூட நகர்வதில்லை. இரும்பை அறுக்கும் பலம் அவனுக்கு ஆரம்பத்திலிருந்தே உண்டு என்பது கொட்டகையில் கடைசி வரிசைக்கும் தெரியும். அறுக்கலாம் என்று சொல்ல ஒருத்தி வேண்டும். அவன் தாண்ட வேண்டிய வாசல் ஒரு சொல். அதன் சாவி அவனிடம் இல்லை. ஆக, இந்தக் கதையில் மாறுகிறவள் பத்மாவதி. பொறுமையே தர்மம் என்று இருந்தவள் அந்தப் பொறுமை அதர்மத்துக்குத் துணைபோகிறது என்று கண்டுகொள்ளும் கணம்தான் உச்சம். கண்ணாம்பாவின் குரல் அதைத் தாங்கியது. மனோகரன் கடைசியிலும் முதலில் இருந்த மனோகரன்தான்.

கேம்பலின் வரிசையில் தந்தையோடு சமரசம் என்று ஒரு படி உண்டு. ஏ.கே. ராமானுஜன் ஈடிபஸ் கதையின் இந்திய வடிவங்களை ஆராய்ந்தபோது, இங்கே வன்முறை பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனை நோக்கியே பாய்கிறது என்று காட்டினார். மனோகரனைக் கொல்ல உத்தரவிடுபவன் புருஷோத்தமன். மகன் கையை ஓங்கவும் கூடாது. இது சமரசத்தின் ஒரு வகை என்று பன்னிரண்டு படிக்காரர்கள் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

சம்பந்த முதலியார் இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் காலடியில் ஒரு பழைய தளம் கிடந்தது என்றுதான் படுகிறது. தொல்காப்பியம் புறத்திணையியலில் ஒரு படிவரிசை தருகிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. இந்தப் படிகளில் ஏறிச்செல்வது வீரன் இல்லை. அவன் இறந்துவிட்டான். கல்லைத் தேர்ந்து, எடுத்து, நீராட்டி, நட்டு, படைத்து, வாழ்த்துகிறார்கள். நடப்பதெல்லாம் பிழைத்தவர்கள். இளங்கோ வஞ்சிக் காண்டத்துக் காதைகளுக்கு இந்தப் பெயர்களைத்தான் வைத்திருக்கிறார். இமயத்திலிருந்து கனக விசயர் தலையில் ஏறி, கங்கையில் நீராடி, வஞ்சி வந்து சேர்வது கண்ணகியின் கல். புகாரிலிருந்து புறப்பட்டவர்களில் கோவலன் மதுரையிலேயே வீழ்ந்தான். கண்ணகியும் ஊர் திரும்பவில்லை. திரும்புதல் என்பது இங்கே மற்றவர்கள் செய்து முடிக்க வேண்டிய வேலை.

பம்மலை அடுத்த பல்லாவரம் குன்றில் குடைவரை வெட்டிய மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் விழுந்த பிறகு அவனுடைய நாய் கோவிவன் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைச் சொல்லும் கல் அது. நாயும் பெயரோடு கல்லில் இருக்கிறது. எந்தப் படியில் வைப்பது அந்த நாயை?

உண்மையில் போய், பெற்று, திரும்பும் வடிவம் தமிழில் இல்லாமல் இல்லை. பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை. பசித்த பாணன் காடும் மலையும் கடந்து பரிசில் பெற்று வருகிறான். எதிரே வருகிறவனுக்கு வழி சொல்கிறான். கேம்பலின் அமுதம் இங்கே சோறு. ஆனால் பாட்டுடைத் தலைவன் தன் ஊரில் இருந்த இடத்தில் இருக்கிறான். நடக்கிறவன் பாணன். கம்பனின் ராமன் போய்த் திரும்பி முடிசூடுகிறான், வாஸ்தவம். ஆனால் அவனை அனுப்பியதும் ஒரு சொல்தான்.

இதெல்லாம் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. பட்டறையிலிருந்து வரும் கதைகளைப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது. எல்லோரும் பத்தாம் பக்கத்துக்குள் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கிளம்ப முடியாதவர்களுக்கு அங்கே கதையே கிடையாது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' இன்று ஒரு பட்டறையில் வாசிக்கப்பட்டால் ஜமுனாவின் இலக்கு என்ன, அழைப்பு எங்கே என்று கேட்டிருப்பார்கள். தி. நகரில் குடத்தோடு நிற்கிறாள் அவள். அது அகப்பயணம் என்று ஒரு பதில் தயாராக இருக்கும். நிற்பதையும் பயணம் என்று அழைத்துவிட்டால், மனோகரன் காலில் கிடந்த சங்கிலிக்கு எடையே இல்லாமல் போய்விடுகிறது. அந்தத் தெருவில் காலிக் குடம் கனத்ததும் புரியாமல் போகும்.